நீரடி விளக்கின் கோளாறுகள்: தேடும் வரிசையே பாதி வைத்தியம்

எல்.இ.டி. நீரடி விளக்கு எரியவில்லை என்றதும் பலரும் முதலில் சந்தேகப்படுவது கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சளாகத் தெரியும் சில்லைத்தான். அந்தச் சந்தேகம் பெரும்பாலும் வீண். விளக்கின் உறுப்புகளில் அதிக காலம் உழைப்பது அந்தச் சில்லுதான். கெடுவது வேறு இடங்கள்: உலோகமும் உலோகமும் தொட்டுக்கொள்ளும் முனை, ரப்பர் வளையம் உட்காரும் பள்ளம், வயதான பேட்டரியின் உட்புறம், விரல் படும் சுவிட்ச். சுருக்கமாகச் சொன்னால், இரண்டு பொருள்கள் சந்திக்கும் இடத்தில்தான் விளக்கு தோற்கிறது.

முக்குளிப்பவர்கள் ‘டைவ் லைட்’, ‘டைவ் டார்ச்’ என்று சொல்லும் இந்தக் கருவியில் என்னென்ன கோளாறுகள் வரும், அவற்றை எந்த வரிசையில் தேடுவது, எதை வீட்டிலேயே சரிசெய்யலாம், எதைத் தொடாமல் ஒதுக்குவது என்று முழுமையாகப் பார்ப்போம்.

இழை போய்ச் சில்லு வந்த பிறகு

நீருக்கடியில் விளக்கு தேவைப்படுவது இரவில் மட்டும் அல்ல. சூரிய ஒளியின் சிவப்பைக் கடல்நீர் முதல் சில மீட்டர்களிலேயே உறிஞ்சிவிடும். அதனால் நண்பகலில்கூடப் பவளப்பாறையின் சொந்த நிறத்தைப் பார்க்க விளக்கு வேண்டும். ஒரு காலத்தில் இதற்கு ஹாலோஜன் பல்புகள் இருந்தன. பிறகு, ஆழமும் நேரமும் கூடிய தொழில்நுட்ப முக்குளிப்பில் எச்.ஐ.டி. எனப்படும் மின்வில் விளக்குகள் வந்தன. ஹாலோஜனில் இழை அறுந்தால் பல்பை மாற்றினால் வேலை முடிந்தது. எச்.ஐ.டி. பல்பு இடி தாங்காது, அதை ஏற்றிவைக்கும் பாலஸ்டும் தனித் தொல்லை கொடுக்கும். இரண்டிலும் ஒளி தரும் உறுப்புதான் பலவீனமான உறுப்பு. கோளாறு என்றால் முதலில் பல்பைப் பார் என்பது அந்தக் காலத்துக்குச் சரியான பாடம்.

1993-இல் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யை உருவாக்கினார். நீலச் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசி வெள்ளை ஒளி பெறும் எல்.இ.டி. அதே நிறுவனத்திலிருந்து 1996-இல் சந்தைக்கு வந்தது. நகமுராவுக்கும் இசாமு அகசாகிக்கும் ஹிரோஷி அமானோவுக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. 1991-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி பேட்டரியும் இதோடு சேர்ந்தபோது, உள்ளங்கையில் அடங்கும் விளக்கு பழைய பெட்டி விளக்குகளை ஓரங்கட்டியது.

எல்.இ.டி.யின் ஆயுளை, ஒளி தொடக்கத்தில் இருந்ததில் 70 சதவீதமாகக் குறையும் வரையிலான நேரமாகக் கணக்கிடுவது வழக்கம். 50,000 மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும், வாரத்துக்கு 2 மணி நேரம் எரிப்பவருக்கு அது தீர 480 ஆண்டுகள் ஆகும். சில்லு தேய்ந்து சாவதில்லை. சூட்டிலோ, மிகை மின்னோட்டத்திலோ, பற்றவைப்பு விட்டுப்போயோதான் சாகிறது.

ஆனால் எல்.இ.டி.யைப் பேட்டரியோடு நேராக இணைக்க முடியாது. மின்னழுத்தம் சற்றே கூடினாலும் மின்னோட்டம் பல மடங்கு ஏறிவிடும். அதனால் நடுவில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ‘டிரைவர்’ என்ற சிறு பலகை வந்தது. அதோடு காந்த சுவிட்ச், பேட்டரிக்குள் பாதுகாப்புச் சுற்று, வெப்பத்தை அளக்கும் உணரி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பல்பின் பலவீனம் தீர்ந்தது, சந்திக்கும் இடங்கள் பெருகின. பழைய பாடம் இன்று நம்மைத் தவறான இடத்துக்கு அழைத்துச் செல்வது இதனால்தான்.

அறிகுறியைப் படித்தல்

திருப்புளியை எடுப்பதற்கு முன் விளக்கு என்ன செய்கிறது என்று கவனித்தால் தேடும் இடம் பாதியாகச் சுருங்கும்.

எரியவே இல்லை என்றால் பேட்டரி, தொடுமுனை, சுவிட்ச் ஆகிய மூன்றையும் இதே வரிசையில் பார்க்க வேண்டும். தட்டினால் எரிந்து மறுபடி அணைந்தால் அது கடைக்காரர்கள் சொல்லும் ‘லூஸ் கான்டாக்ட்’. பேட்டரியை மாற்றிப் பயனில்லை. முழுச் சார்ஜில் நன்றாக எரிந்து பத்து நிமிடத்தில் மங்கினால், பேட்டரி மூப்பும் தொடுமுனைத் தடையும் சந்தேகத்துக்குரியவை. படகின் மேல்தளத்தில் மங்கி, தண்ணீருக்குள் போனதும் சரியானால் அது கோளாறே அல்ல. விளக்கு தன் சூட்டைத் தானே குறைத்துக்கொள்கிறது. மேலே ஒழுங்காக இருந்து, ஆழத்தில் தானே அணைவதும் தானே எரிவதும் அழுத்தத்தின் வேலை. சுவிட்ச்சையும் மரையையும் பார்க்க வேண்டும். பையில் வைத்திருந்தபோதே சார்ஜ் தீர்ந்துவிட்டால், காந்த சுவிட்ச் உள்ள விளக்குகளில் அணைத்த பிறகும் டிரைவர் சிறிது மின்சாரத்தை உறிஞ்சுவது காரணமாக இருக்கலாம்.

மங்குவதைப் பற்றி இன்னொரு செய்தி. கைவிளக்குகளுக்கான ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல்.1 தரநிர்ணயத்தின்படி, பெட்டியில் அச்சிடும் லூமன் அளவு விளக்கை ஏற்றிய 30 நொடியில் தொடங்கி அளக்கப்படுவது. எரியும் நேரமோ, ஒளி அந்தத் தொடக்க அளவில் 10 சதவீதமாகக் குறையும் வரையிலான நேரம். ஆக, ‘1000 லூமன், 3 மணி நேரம்’ என்றால் மூன்று மணி நேரமும் 1000 லூமன் வரும் என்று பொருள் இல்லை. பழுதென்று திருப்பிக் கொடுக்கப்படும் சில விளக்குகள் உண்மையில் வாக்குறுதிப்படியே நடந்துகொண்டவை.

திறப்பதற்கு முன்

உள்ளே தண்ணீர் புகுந்த விளக்கை அவசரமாகத் திறக்கக் கூடாது. கடல்நீர் நல்ல மின்கடத்தி. பேட்டரி முனைகளுக்கு நடுவில் அது நிறைந்தால் மின்னாற்பகுப்பு தொடங்கி ஹைட்ரஜன் வெளிவரும், குளோரினும் வரலாம். மூடிய குழாய்க்குள் இந்த வாயுக்கள் அழுத்தத்தோடு சேரும். ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் இருந்தாலே தீப்பற்றும். ஒரு சுவிட்ச் பொறி அதற்குப் போதும். தண்ணீரே புகாவிட்டாலும், பழைய பேட்டரியையும் புதியதையும் தொடராகப் போட்ட விளக்கில் பலவீனமான செல் தலைகீழாகச் சார்ஜ் ஆகி வாயுவை வெளிவிடக்கூடும். நல்ல தயாரிப்புகள் சிலவற்றில் அழுத்தம் கூடினால் வாயுவை வெளியேற்றும் வால்வு இருப்பது இந்த அபாயத்துக்காகத்தான்.

எனவே: சுவிட்ச்சைத் தொடாதீர்கள். திறந்தவெளிக்குக் கொண்டுபோங்கள். மூடியையும் கண்ணாடியையும் முகத்துக்கு நேராகப் பிடிக்காதீர்கள், எதிரே வேறு யாரும் நிற்கவும் வேண்டாம். மூடியைக் கால் சுற்று தளர்த்தி, ‘புஸ்’ என்ற சத்தம் அடங்கும்வரை காத்திருங்கள். வழக்கத்தைவிட மூடி இறுகியிருந்தாலோ உடல் சூடாக இருந்தாலோ அப்படியே மணல்மேல் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள்.

உப்புநீர் பட்ட லித்தியம் செல்லைக் காயவைத்து மறுபடி சார்ஜ் ஏற்றுவது வீண் துணிச்சல். அதை ஒதுக்கிவிட வேண்டும், ஆனால் வீட்டுக் குப்பையில் போடக் கூடாது. இந்தியாவின் 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது வைத்திருக்கின்றன.

பேட்டரி: எண்ணும் உண்மையும்

வாயு அபாயம் இல்லை என்று உறுதியானதும் முதல் சோதனை பேட்டரி. நன்றாக இருப்பது தெரிந்த ஒரு பேட்டரியைப் போட்டுப் பார்ப்பதைவிட வேகமான சோதனை வேறில்லை. அது கையில் இல்லையென்றால் மல்டிமீட்டர்.

பல விளக்குகளில் இருப்பது 18650 செல்: 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், நடுவில் 3.6 முதல் 3.7, காலியாகும்போது 3 வோல்ட்டுக்கு அருகில். ஆனால் சும்மா இருக்கும் செல்லின் வோல்ட்டை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. வயதான செல்லில் உள்தடை கூடியிருக்கும். ஓய்வில் 4.1 வோல்ட் காட்டும் செல் 3 ஆம்பியர் கொடுக்கும்போது 3.2-க்கு இறங்கினால், அதன் உள்தடை 0.3 ஓம். நல்ல புதிய செல்லில் இருப்பது இதில் ஒரு சிறு பங்குதான். அந்தச் செல்லைக் கொண்டு கடிகாரம் ஓட்டலாம், விளக்கு எரிக்க முடியாது.

அடுத்தது அளவுப் பொருத்தம். பாதுகாப்புச் சுற்று வைத்த செல் வெறும் செல்லைவிடச் சில மி.மீ. நீளம். நீளமானதைச் சின்னக் குழாயில் திணித்தால் ஸ்பிரிங் நசுங்கும். குட்டையானதை நீளக் குழாயில் போட்டால் தொடுமுனை எட்டாது. நேர்முனை தட்டையா, மொட்டு வைத்ததா என்பதும் இதே தொல்லையைத் தரும். ‘புது பேட்டரி போட்டும் எரியவில்லை’ என்ற புகாரில் இந்த மில்லிமீட்டர்க் கணக்கை முதலில் சரிபார்க்க வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் செல்களில் அச்சிட்டிருக்கும் 9900 மில்லி ஆம்பியர்-மணி என்ற எண் பொய். பானசோனிக் என்.சி.ஆர்.18650பி போன்ற பெயர்பெற்ற செல்லின் கொள்ளளவே ஏறத்தாழ 3400 தான்.

சாதாரண ஆல்கலைன் கட்டைகள் போடும் மாற்று விளக்குகளில் ஒழுகல்தான் எதிரி. வெள்ளையாகப் பூத்திருப்பது காரத்திலிருந்து வந்த உப்பு. பஞ்சில் துளி வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு காய்ச்சி வடித்த நீரால் துடைத்தால் போய்விடும். பருவம் முடிந்ததும் கட்டைகளைக் கழற்றி வைப்பதே இதற்கு நிரந்தர மருந்து.

சார்ஜ் ஏற்றும் இடமும் கவனிக்கத்தக்கது. 2019 செப்டம்பர் 2 அன்று கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸ் தீவருகே ‘கன்செப்ஷன்’ என்ற முக்குளிப்புப் படகு இரவில் தீப்பிடித்து 34 பேர் இறந்தனர். தீ எதனால் தொடங்கியது என்று விசாரணையில் உறுதியாகவில்லை. ஆயினும் கவனிப்பார் இல்லாமல் லித்தியம் பேட்டரிகளைச் சார்ஜ் போடுவதைக் கட்டுப்படுத்துமாறு அமெரிக்கக் கடலோரக் காவல்படை அதையடுத்து அறிவுறுத்தியது. எல்லோரும் தூங்கும் படகில் இரவெல்லாம் சார்ஜரை விட்டுவைக்கும் பழக்கத்துக்கு இன்று நியாயம் இல்லை.

தொடுமுனை: கண்ணுக்குத் தெரியாத தடை

பேட்டரி நன்றாக இருந்தும் விளக்கு மினுக்கினால், அடுத்துத் தேட வேண்டியது மின்சாரம் தாவும் ஒவ்வொரு இடத்தையும். இங்கே ஒரு சின்னக் கணக்கு பெரிய உண்மையைச் சொல்லும். ஒரு தொடுமுனையில் அழுக்கால் 0.1 ஓம் தடை கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3 ஆம்பியர் ஓடும்போது அங்கே 0.3 வோல்ட் இழப்பாகும், 0.9 வாட் சூடும் அந்தப் புள்ளியிலேயே பிறக்கும். ஒற்றை செல் விளக்கில் பேட்டரி 3.7 வோல்ட், எல்.இ.டி.க்கு வேண்டியது 3.3 வோல்ட் அளவில் என்றால், மிச்சமிருக்கும் இடைவெளியே 0.4 தான். அதில் முக்கால் பங்கை அழுக்கு விழுங்கிவிட்டது. முழுச் சார்ஜில் நன்றாக எரிந்து விரைவில் மங்கும் விளக்கின் மர்மம் பல வேளைகளில் இதுதான். செல்களைத் தொடராக அடுக்கிய விளக்குகளில் இடைவெளி அதிகம் என்பதால் அவை இதே அழுக்கைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

அழுக்கின் நிறமே அதன் பிறப்பைச் சொல்லும். பச்சை என்றால் செம்பிலோ பித்தளையிலோ ஏறிய களிம்பு. வெள்ளைத் தூள் என்றால் அலுமினியம் அரிக்கப்படுகிறது. செம்பழுப்பு என்றால் எஃகு ஸ்பிரிங்கின் துரு. மூன்றும் சேர்ந்திருந்தால் உப்புநீர் உள்ளே வந்து நாளாகிவிட்டது. அலுமினிய உடலில் எஃகுத் திருகு இருக்கும் இடத்தில் கடல்நீர் தேங்கினால், இரண்டு உலோகமும் சேர்ந்து ஒரு சிறு மின்கலமாகி, அலுமினியம்தான் முதலில் கரையும்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு, பென்சில் ரப்பர், காதுக்குச்சி இவை போதும். உப்புத்தாளை நினைத்த இடத்தில் தேய்ப்பது கெடுதல். அலுமினியத்தின் மேலிருக்கும் அனோடைஸ் படலம் மின்சாரம் கடத்தாது, ஆனால் கடலிலிருந்து உடலைக் காப்பது அதுதான். மின்சாரம் போக வேண்டிய மரை விளிம்பைத் தயாரிப்பாளரே படலம் இல்லாமல் விட்டிருப்பார். அந்த விளிம்பை மட்டும் பளிச்சென்று துடைத்தால் போதும். மற்ற இடத்தைத் தேய்த்தால் அடுத்த பருவத்தில் வெள்ளைத் தூள் நிச்சயம். ஸ்பிரிங் சோம்பியிருந்தால் மெல்ல இழுத்துவிடலாம். துருப்பிடித்து மெலிந்திருந்தால் மாற்றிவிட வேண்டும்.

ஓ-ரிங்: அழுத்தம் எதிரியா, துணையா?

டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த நீல்ஸ் கிறிஸ்டென்சென் 1939-இல் காப்புரிமை பெற்ற ஓ-ரிங் எளிமையான உறுப்பு. பள்ளத்தில் உட்கார்ந்த ரப்பர் வளையத்தை நீரழுத்தம் ஒரு பக்கமாகத் தள்ளும். வளையம் நசுங்கி இடைவெளியை இன்னும் இறுக்கமாக அடைக்கும். ஆழம் கூடக்கூட அடைப்பும் இறுகும். இதனால்தான் 30 மீட்டரில் கசியாத விளக்கு, மேலே கழுவும் தொட்டியில் கசிவதுண்டு. அங்கே வளையத்தை அழுத்திப் பிடிக்க எதுவும் இல்லை. விளக்கைத் தொட்டிக்குள் வைத்துத் திருகி அணைத்து ஏற்றி விளையாடுவது, தண்ணீரை நாமே உள்ளே அழைப்பது.

வெயிலில் கிடந்த விளக்கைத் திறந்து உடனே மூடுவதும் இப்படித்தான். 50 டிகிரி சூட்டில் மூடிய காற்று 28 டிகிரி கடலில் குளிர்ந்தால், உள்ளழுத்தம் 7 சதவீதம் அளவில் குறையும். முக்கால் மீட்டர் ஆழத்துக்குச் சமமான உறிஞ்சல் இது.

ஆழத்தின் பலத்தை அறிய மட்டக்களப்புக் கடலுக்குப் போகலாம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் போர்க்கப்பல் எச்.எம்.எஸ். ஹெர்மீஸ் அங்கே ஏறத்தாழ 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அதைப் பார்க்க இறங்குகிறவரின் விளக்கில் 40 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடி இருந்தால், அதன்மேல் விழும் நீரின் சுமை 68 கிலோ அளவுக்கு இருக்கும். சாதாரண ‘வாட்டர்புரூஃப்’ டார்ச் அங்கே எடுபடாது. பெட்டியில் ஐ.பி.எக்ஸ்.8 என்று இருப்பது மட்டும் உத்தரவாதம் ஆகாது. அந்தக் குறியீட்டில் ஆழத்தையும் நேரத்தையும் தீர்மானிப்பவர் தயாரிப்பாளர்தான். எத்தனை மீட்டர் என்று தனியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

கண்ணாடிக்குள் மூட்டம் தெரிந்தால் கசிவா, வெறும் ஈரக்காற்றா என்று பலரும் குழம்புவார்கள். இதற்கும் கணக்கு விடை சொல்லும். 32 டிகிரியில் ஈரம் நிறைந்த கடற்கரைக் காற்று 30 மி.லி. உள்ளே அடைபட்டிருந்தால், அதிலுள்ள நீர் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம். ஒரு சொட்டு நீரின் எடையோ 50 மில்லிகிராம். ஆகவே மெல்லிய ஆவிப்படலம் என்றால் ஈரக்காற்று. குளிரூட்டிய அறையில் திறந்து காயவைத்து மூடினால் சரியாகும். உருண்டு ஓடும் துளி ஒன்றே ஒன்று தெரிந்தாலும் அது கசிவுதான், சமாதானம் சொல்ல இடமில்லை.

கசிந்தால் காரணம் பெரும்பாலும் வளையத்தில் ஒட்டிய முடி, மணல், துணி இழை, காய்ந்த உப்பு. வளையத்தைக் கூரிய உலோகத்தால் நெம்பாமல் பிளாஸ்டிக் அட்டையால் எடுத்து, நகத்தை விட்டுவிட்டு விரல் நுனியால் தடவிப் பார்க்க வேண்டும். வட்டமாக இருக்க வேண்டிய குறுக்குவெட்டு தட்டையாகியிருந்தால் அதன் மீள்திறன் போய்விட்டது. பள்ளத்தையும் துடைக்க வேண்டும். வளையத்தை மட்டும் துடைப்பது பாதி வேலை.

கிரீஸ் விஷயத்தில் இரண்டு தவறான நம்பிக்கைகள் உண்டு. ஒன்று, நிறையப் பூசினால் நன்றாக அடைக்கும் என்பது. அடைப்பது ரப்பர்தான், கிரீஸ் வழுக்கிக்கொடுக்க மட்டுமே. பளபளப்பு தெரிந்தால் போதும், மிகுந்தால் மணலைத்தான் சேர்க்கும். இரண்டாவது, எல்லா ரப்பருக்கும் சிலிக்கான் கிரீஸ் பொருந்தும் என்பது. நைட்ரைல் வளையத்துக்கு அது நல்லது; சிலிக்கான் ரப்பர் வளையத்தில் பூசினால் வளையம் ஊதிப்போகும். வாசலின் நைட்ரைலைப் பெரிதாகக் கெடுக்காது, ஆனால் ஈ.பி.டி.எம். ரப்பரைக் கெடுக்கும். வளையம் எந்த ரப்பர் என்று தெரியாதவர் விளக்கோடு வந்த கிரீஸைத் தவிர வேறெதையும் தொடாமலிருப்பது நல்லது.

சுவிட்ச்: ஆழம் அழுத்தும் விரல்

தலையைத் திருகி ஏற்றும் விளக்குகள் எளிமையானவை. ஆனால் மரையில் ஆட்டம் இருந்தால், ஆழத்தில் நீரழுத்தம் தலையை உள்ளே தள்ளி விளக்கைத் தானே ஏற்றிவிடும். அணைக்கும்போது கால் சுற்று கூடுதலாகத் தளர்த்தினால் இது தீரும்; அதற்குமேல் தளர்த்தினால் ஓ-ரிங் பள்ளம் திறந்துகொள்ளும். அமுக்கு சுவிட்ச்சில் 6 மி.மீ. விட்டமுள்ள தண்டு இருந்தால், ஹெர்மீஸின் ஆழத்தில் அதன்மேல் நீர் ஒன்றரைக் கிலோ எடையில் அழுத்தும். ஸ்பிரிங் அதற்குத் தக்க வலுவோடு இல்லையெனில் சுவிட்ச் அமுங்கியபடியே நின்றுவிடும். கரையேறியதும் ஒழுங்காக வேலை செய்யும் என்பதால் இந்தக் கோளாறு கடைக்காரர் கண்ணில் படாது.

காந்த சுவிட்ச்சில் உடலைத் துளைக்க வேண்டியதில்லை, ஆகவே கசிவுக்கு ஒரு வழி குறைவு. வெளியே நகரும் காந்தத்தை உள்ளேயிருக்கும் ரீட் சுவிட்ச்சோ ஹால் உணரியோ உணர்ந்துகொள்ளும். இதன் எதிரி இரும்புத்தாது கலந்த மணல். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கரையில் இருப்பது போன்ற கருமணல் காந்தத்தைச் சுற்றி ஒட்டிக்கொண்டால் வளையம் நகராது. உப்பு உறைந்தாலும் அதே கதி. வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தால் பெரும்பாலும் விடுபடும். எண்ணெய் விட்டு முறுக்குவது கடைசி வழியாகக்கூட வேண்டாம். ரீட் சுவிட்ச் வழியே முழு மின்னோட்டத்தையும் ஓடவிடும் மலிவான வடிவமைப்புகளில் தொடுமுனை ஒட்டிக்கொண்டு, விளக்கு அணையாமல் போவதுண்டு. இந்தக் காந்தம் திசைகாட்டியையும் திருப்பும் என்பதால் இரண்டையும் ஒரே மணிக்கட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது.

பின்மூடியில் சுவிட்ச் உள்ள விளக்கில் ஓர் எளிய பரிசோதனை உண்டு. மூடியைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மற்றதைக் குழாயின் வெறும் விளிம்பிலும் வையுங்கள். விளக்கு எரிந்தால் குற்றவாளி மூடிதான். எரியாவிட்டால் தலைப்பக்கம் தேட வேண்டும்.

டிரைவர், சில்லு, சூடு

இத்தனையும் சரியாக இருந்தும் எரியாவிட்டால்தான் மின்னணுப் பலகைக்கும் சில்லுக்கும் முறை வரும். தலை திறக்கக்கூடியதாக இருந்தால், ஒற்றைச் சில்லு எல்.இ.டி.யை மல்டிமீட்டரின் டையோடு சோதனையில் வைத்துப் பார்க்கலாம். பல மீட்டர்களில் சில்லு மங்கலாக ஒளிரும். ஒளிர்ந்தால் சில்லு உயிரோடு இருக்கிறது, பழுது டிரைவரிலோ கம்பியின் பற்றவைப்பிலோ என்று பொருள். பல சில்லுகளைத் தொடராக வைத்த 6 அல்லது 12 வோல்ட் எல்.இ.டி.க்கு இந்தச் சோதனை பொருந்தாது.

டிரைவர் சாவதற்குப் பொதுவான காரணங்கள் மூன்று: பேட்டரியைத் தலைகீழாகப் போட்டது, தாங்கும் அளவைவிடக் கூடுதல் வோல்ட் கொடுத்தது, உப்புநீர். சில்லு சாவதற்கு முக்கியக் காரணம் சூடு. நீரடி விளக்கு தன் சூட்டைச் சுற்றியுள்ள நீரிடம் கொடுத்துவிடும்படி வடிவமைக்கப்பட்டது. கரையில் நண்பர்களுக்குக் காட்ட உச்ச ஒளியில் எரியவிட்டால், வெப்ப உணரி உள்ள விளக்கு மங்கித் தப்பிக்கும். உணரி இல்லாதது கருகும்.

அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு. மூடிய தலைக்குள் பொருந்தாத பசையையோ கிரீஸையோ பயன்படுத்தினால், அதிலிருந்து எழும் ஆவி சில்லின் மேலுள்ள சிலிக்கானுக்குள் புகுந்து அதைப் பழுப்பாக்கும். ஒளி மங்கி நிறம் மாறும். கண்ணாடியைக் கையில் கிடைத்த பசையால் ஒட்டிப் பழுதுபார்த்த விளக்குகளுக்கு இது நேரக்கூடும்.

பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

இதில் இரண்டு அணிகள் உண்டு. ஒன்று, எல்லாவற்றையும் பிசினுக்குள் புதைத்து, பேட்டரியையும் உள்ளேயே அடைத்த விளக்கை விரும்புவது. திறக்கவே முடியாததில் ஓ-ரிங் தவறும் இல்லை, மணலும் இல்லை. ஆனால் பேட்டரி மூப்படைந்தால் விளக்கே குப்பை. மற்றது, ஒவ்வோர் உறுப்பையும் கழற்றி மாற்றக்கூடிய விளக்கை விரும்புவது. நீண்ட நாள் உழைக்கும், ஆனால் ஒவ்வொரு முறை திறப்பதும் ஒரு கசிவு வாய்ப்பு. விமானப் பயணம் இரண்டாவது அணிக்குச் சாதகம்: நீரடி விளக்கு தவறி எரிந்து சூடேறாமலிருக்கப் பேட்டரியைத் தனியாகக் கழற்றிக் கைப்பையில் கொண்டுபோகச் சொல்வது விமான விதிகளின் போக்கு. ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் இறங்குகிறவருக்கு அடைத்த விளக்கு போதும். வாரந்தோறும் இறங்கும் பயிற்சியாளருக்கும் தொழில்முறை முக்குளிப்பாளருக்கும் கழற்றக்கூடியதே கணக்குக்குச் சரி.

வீட்டில் செய்யக்கூடியவை பேட்டரி, தொடுமுனை, ஓ-ரிங், சுவிட்ச்சின் வெளிப்புறச் சுத்தம். டிரைவரும் சில்லும் பழகிய கைக்கு உரியவை. கண்ணாடியில் விரிசல், உடலில் வளைவு, மரையில் அரிப்பு மூன்றும் மன்னிக்க முடியாதவை. அவற்றுக்குப் பசை ஒருநாளும் தீர்வாகாது. தண்ணீர் புகுந்து உடனே கவனித்த விளக்கைக் காய்ச்சி வடித்த நீரில் அலசி, ஆல்கஹாலால் ஈரம் போக்கி, காற்றோட்டத்தில் நாள்கணக்கில் காயவைத்துப் பார்க்கலாம். அரிசியில் புதைப்பது ஈரத்தைப் பெரிதாக இழுக்காது, உப்பைத் தொடவே தொடாது. மிஞ்சிய உப்புதான் அரிக்கும்.

சரிசெய்த விளக்கை முதலில் பேட்டரி இல்லாமல், உள்ளே ஒரு காகிதத் துண்டோடு ஒரு முக்குளிப்புக்குக் கொண்டுபோங்கள். காகிதம் நனையாமல் திரும்பினால் அடுத்த முறை பேட்டரியோடு, ஆனால் இரண்டாவது விளக்காக மட்டும். ஃபுளோரிடாவின் ஊற்றுக் குகைகளிலும் மெக்சிகோவின் யுகடான் குகைகளிலும் இறங்குகிறவர்களுக்கு ஆளுக்குக் குறைந்தது மூன்று விளக்குகள் என்ற விதி உண்டு. ஒன்று அணைந்தாலும் அத்துடன் திரும்பிவிட வேண்டும். அங்கே இறந்தவர்களின் விபத்துகளை ஆராய்ந்து உருவான விதி அது. விளக்கு என்றாவது அணையும் என்று வைத்துக்கொண்டே அது எழுதப்பட்டிருக்கிறது.

நம் கடலில் இரவில் இறங்குகிறவர்களும் அதையே பின்பற்றலாம். விளக்கில்லாமல் திரும்பிவர முடியாத இடத்துக்கு, நேற்றுப் பழுதுபார்த்த விளக்கை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.